எரிகோ மேட்டுக் குறிப்பேடு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர்,

பாலஸ்தீனத்தின் எரிகோ ஊரையும், அதன் வடமேற்கே ஊற்றுக்கருகில் பழைய குடியிருப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து நிற்கும் தெல் எஸ்-சுல்தான் மேட்டையும் பற்றிய தமிழ்க் குறிப்பேடு நிறைவடைந்தது.

பிரிட்டிஷ் தொல்லியலாளர் கேத்லீன் கென்யன் 1952 முதல் 1958 வரை நடத்திய அகழாய்வின் வெட்டுமுகங்களை (குழிச் சுவரில் தெரியும் மண்ணடுக்குகளின் படங்களை) தமிழில் வரைந்து தந்தவருக்கு முதல் நன்றி. சுமார் 21 மீட்டர் உயர மேட்டில் ஆழத்தை மட்டும் நம்பினால் கணக்கு தப்பும். பிற்காலத்தவர் தோண்டிய குப்பைக்குழி பழைய தளங்களைத் துளைத்து இறங்கியிருக்கும். அதிலுள்ள பானையோடுகள் ஆயிரம் ஆண்டு மூத்த ஓடுகளுக்குப் பக்கத்திலேயே கிடக்கும். குழியின் வாய் எந்தத் தளத்தில் திறக்கிறது என்பதை வெட்டுமுகத்தில் பார்த்தால்தான் காலம் பிடிபடும். 1930களில் அங்கே தோண்டிய ஜான் கார்ஸ்டாங், எரிகோவின் மதில்கள் விழுந்ததாக விவிலியம் சொல்லும் யோசுவா காலத்தது என்று சொன்ன இரட்டை மதிலும் இப்படித்தான் தெளிவானது: இரண்டும் ஒரே காலத்தவை அல்ல, கி.மு. மூன்றாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவை. இதைச் சுற்றிவளைக்காமல் எழுதச் சொன்ன போதகர் ஐயாவுக்கும் நன்றி.

காலக் கணக்குகளைச் சரிபார்த்த இயற்பியல் ஆசிரியைக்குத் தனி வணக்கம். 1950களின் கதிரியக்கக் கரிமக் காலக்கணிப்பு முடிவுகள், மரவளையங்களைக் கொண்டு செய்யும் திருத்தம் பெறாதவை; திருத்தினால் எரிகோவின் கற்கோபுரக் காலத்துக்கு அவை சுமார் ஆயிரம் ஆண்டு மூத்தவையாகும். திருத்தியவை, திருத்தாதவை இரண்டையும் ஒரே பட்டியலில் கலந்தால், கோபுரத்துக்குப் பின்னால் வந்த வீடுகள் அதைவிட மூத்தவையாகிவிடும்! அந்தக் கோபுரம் 8.5 மீட்டர் உயரம், உள்ளே 22 கற்படிகள், கி.மு. 8000ஐ ஒட்டியது, கட்டியவர்கள் மண்பாண்டமே செய்யாதவர்கள். அது எதற்கு என்பதில் சண்டை ஓயவில்லை. கோபுரத்தை ஒட்டிய அதே காலத்து மதில் வெள்ளத்தையும் சேற்றையும் தடுக்கவே என்ற தொல்லியலாளர் ஓஃபர் பார்-யோசெஃபின் 1986 வாதம் எங்களுக்கு ஏற்புடையது.

செங்கல் அறுத்துப் பழகிய பெரியவர் தந்த விளக்கம் அப்படியே ஒரு பக்கமாக வந்திருக்கிறது. எரிகோவின் முதல் செங்கற்கள் அச்சில் அறுத்தவை அல்ல, கையால் உருட்டியவை. அடி தட்டை, முதுகு வளைவு. அடுத்த கட்டத்தில் அவை நீண்டு, சுருட்டு வடிவமாகி, மேலே கட்டைவிரல் தடங்களை வரிசையாகப் பெற்றன. அந்தப் பள்ளங்களில் சேற்றுக்கலவை இறங்கிப் பிடித்துக்கொள்ளும். வழவழப்பான முதுகில் பூசினால் காய்ந்ததும் கலவை தனியே உரிந்துவரும் என்றார் அவர். அலங்காரம் என்று எழுத இருந்தவர்கள் கவனிக்க.

படங்கள் எடுத்தனுப்பிய எரிகோவாசிகளுக்கும் நன்றி. அளவுகோலும் வடதிசைக் குறியும் வைத்து எடுத்தார்கள்; அதனால் ஒவ்வொன்றையும் பயன்படுத்த முடிந்தது.

திருத்தம் அனுப்புவோர் பக்க எண்ணோடு மண்ணடுக்கு எண்ணையும் குறிப்பிடுங்கள்.

குறிப்பேட்டுக் குழுவினர்