கீபோர்டைத் தொடாதே

அன்புள்ள செல்விக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே டீச்சிங் அசிஸ்டென்ட்டாக நீ சி புரோகிராமிங் சொல்லிக்கொடுக்கும் வகுப்புப் பிள்ளைகளுக்காக எழுதிய அறிமுகத்தைத் தம்பி காட்டினான். பி.இ., சென்னைக் கம்பெனி, இப்போது பிஎச்.டி. என்று பின்னணி மூன்று வரியில் முடிந்துவிட்டது. பத்தாவது வரை தமிழ் மீடியம் என்று ஏன் போடவில்லை? இங்கிலீஷில் கேள்வி கேட்கத் தயங்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் இருக்கும், அந்த ஒரு வரி அதற்குத் தைரியம் கொடுத்திருக்கும். பொழுதுபோக்கு கோலம் என்று பார்த்ததும் அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொல்லிக்கொடுக்கும் முறையில் மட்டும் "எந்த நேரமும் கேட்கலாம்" என்று போட்டிருக்கிறாய். அதை எடுத்துவிடு.

நள்ளிரவு கெடு என்றால் ராத்திரி பத்து மணிக்குத்தான் பாதிப் பேர் அசைன்மென்ட்டையே திறப்பார்கள். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. கணக்குப் போடு: வகுப்பு 2, சந்தேக நேரம் 4, பேராசிரியரோடு கூட்டம் 1, தயாரிப்பு 3. மிச்சம் 10. அறுபது பேர் புரோகிராமைத் தலைக்குப் பத்து நிமிஷம் திருத்தினால் அந்தப் பத்தும் போச்சு. அதற்குமேல் கொடுக்கிற ஒவ்வொரு மணியும் உன் ஆராய்ச்சியிலிருந்து போவது. பிஎச்.டி.யைத் தொடரப் பாஸாக வேண்டிய உன் குவாலிஃபையர் தேர்வைப் பற்றி நான் கேட்கப்போவதில்லை.

சந்தேகத்தோடு வருகிறவர்களின் கீபோர்டைத் தொடாதே. நீ தட்டினால் புரோகிராம் ஓடிவிடும், அடுத்த வாரம் அதே தப்போடு திரும்ப வருவார்கள். என்ன வரணும், என்ன வந்தது, இதுவரை என்ன செய்து பார்த்தாய் என்று கேள். பாதிப் பேருக்குச் சொல்லும்போதே பிடிபட்டுவிடும். புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலர் காட்டும் முதல் பிழையை வாய்விட்டுப் படிக்கச் சொல். அதை மட்டும் திருத்தி மறுபடி கம்பைல் செய்தால் கீழே உள்ளதில் பல தானாகப் போகும். எச்சரிக்கை காட்டும் -வால் (-Wall), பிழை தேட உதவும் -ஜி (-g) இரண்டும் இல்லாமல் கம்பைல் பண்ண விடாதே. உள்ளீடு வாங்கும் ஸ்கேன்எஃபில் (scanf) & குறியை விட்டதை -வால் அப்போதே சொல்லிவிடும். தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு செக்மென்டேஷன் ஃபால்ட் என்று புரோகிராம் நின்றால் ஜிடிபி (gdb) என்ற பிழை தேடும் கருவியில் ரன், பிறகு பேக்ட்ரேஸ், எந்த வரியில் நின்றது என்று தெரிந்துவிடும். எழுத்துகளை வரிசையாக வைக்கும் கேரக்டர் அரேயில் 10 இடம் இருந்தால் 9 எழுத்துதான் வைக்கலாம், கடைசி இடம் முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு. பத்து எழுத்து வைத்தாலும் சில சமயம் ஓடித் தொலைக்கும். அவர்கள் மெஷினில் ஓடியது நீ திருத்தும் மெஷினில் விழும், சண்டை உன்னிடம் வரும்.

கோலம் என்று போட்டாயே, அதை வகுப்புக்குக் கொண்டுபோ, கோலப்புள்ளியைத் திரையில் வைக்கும் புரோகிராம் எழுதச் சொல். 7 புள்ளி, 4 வரை, இடைப்புள்ளி. வரிசைகள் 4, 5, 6, 7, 6, 5, 4, மொத்தம் 37 புள்ளி. முதலில் தாளில் வரிசை எண், முன்னால் விடும் இடைவெளி, புள்ளி என்று மூன்று பத்தி போடச் சொல். இடைவெளியும் புள்ளியும் சேர்ந்தால் எப்போதும் 7 என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும், நீ சொல்லாதே. ஏறுவதற்கு ஒரு லூப் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளை), இறங்குவதற்கு ஒரு லூப் எழுதுகிறவர்கள் நடு வரிசையை இரண்டிலும் சேர்த்து 44 புள்ளி போடுவார்கள். புள்ளிக்கு இடையில் ஒரு வெற்றிடம் விட மறந்தால் வலது ஓரம் நேர்க்கோடாக நின்றுவிடும், கோலம் இடது பக்கம் மட்டும் துருத்தும். கெட்டிக்காரப் பிள்ளை வரிசையை -3 முதல் 3 வரை ஓட்டி ஒரே லூப்பில் முடிக்கும். விளையாட்டு என்று யாராவது சிரித்தால், சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து கோலத்துக்கு அரே கிராமர், அதாவது படத்தை உருவாக்கும் விதிகள், எழுதி 1974ல் கட்டுரை போட்டதைக் காட்டு.

திருத்தும்போது ஆள் ஆளாகப் போகாதே, கேள்வி கேள்வியாகப் போ. முதல் பத்துப் பேருடையதை மார்க் போடாமல் படித்து, எதற்கு எத்தனை குறைப்பது என்று எழுதி வைத்துக்கொண்டு பிறகு தொடங்கு. இல்லாவிட்டால் முதல் ஆளுக்கு ஒரு நியாயம், ஐம்பதாவது ஆளுக்கு ஒரு நியாயம் ஆகிவிடும். சாப்பிட்டுவிட்டு உட்கார். கீபோர்டைத் தொடாதே, திரும்பவும் சொல்கிறேன். அறிமுகத்தில் அந்த வரியை மாற்றி, செவ்வாய், வியாழன் இத்தனை மணிக்கு என்று போடு.

குவாலிஃபையர் ரிசல்ட் மார்ச்சிலேயே வரும் என்று நீ சொன்னதாக அப்பாவுக்கு ஞாபகம். காலண்டரைப் பார்ப்பதும் தம்பியைக் கேட்பதுமாக இருக்கிறார். எனக்கு எழுத வேண்டாம், அவருக்கு ஒரு வரி போடு. பாஸ் என்றாலும் சரி, மறுபடி எழுதணும் என்றாலும் சரி. பல பல்கலைக்கழகங்களில் இரண்டாவது வாய்ப்பு உண்டு என்பது எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியாது.

அம்மா