அடைசலைக் கழிக்கப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அடுத்த வாரம் லீவு போட்டு வீட்டு அடைசலை எல்லாம் கழிக்கப் போவதாகச் சொன்னாய். நீ அனுப்பிய வீடியோக்களைப் பார்த்தேன். பாதியை அப்படியே செய். மீதியில் எனக்கு உடன்பாடு இல்லை, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றிப் புத்தகம் எழுதிய ஜப்பானியப் பெண் மரி கோண்டோ என்றாலே ‘கையில் எடுத்தால் மகிழ்ச்சி வருகிறதா’ என்ற கேள்விதான் எல்லோருக்கும் நினைவு வரும். அதைவிட அவர் சொல்லும் வரிசைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அறை அறையாக வேண்டாம், வகை வகையாக எடு என்கிறார். முதலில் துணி, அப்புறம் புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான், நினைவுப் பொருள்கள் கடைசியில். நாலு இடத்தில் கிடக்கும் துணியை ஒரே குவியலாகக் கொட்டினால்தான் ஒரே மாதிரி சட்டை எத்தனை சேர்ந்திருக்கிறது என்று தெரியும். பழைய போட்டோக்களில் தொடங்கினால் அன்றைய வேலை அதோடு நின்றுவிடும். துணியில் முடிவெடுத்துப் பழகிவிட்டால், போட்டோக்களுக்கு வரும்போது அவ்வளவு திணற மாட்டாய்.

நான் சண்டை போட விரும்புவது அந்த 90 நாள் விதியோடு. கடந்த 90 நாளில் பயன்படுத்தவில்லை, அடுத்த 90 நாளிலும் தேவைப்படாது என்றால் வெளியே அனுப்பிவிட வேண்டுமாம். குடை, கம்பளி, சுளுக்குக்குக் கட்டும் பட்டை எல்லாம் இந்தக் கணக்கில் வருடத்துக்கு ஒருமுறை வீட்டை விட்டுப் போக வேண்டியதுதான். இதைப் பரப்பிய அமெரிக்க மினிமலிஸ்ட்டுகள், அதாவது குறைந்த பொருளோடு வாழச் சொல்கிறவர்கள், இன்னொன்றும் சொல்கிறார்கள்: 20 டாலருக்குள், 20 நிமிடத்துக்குள் திரும்ப வாங்க முடிகிற பொருளை ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று வைத்திருக்காதே. கையில் காசு உள்ளவருக்கு இது பொருந்தும்; அவருக்குக் கடைதான் பரண். மாதக் கடைசியை எண்ணிக்கொண்டு வாழ்கிறவர் பழைய சார்ஜரை எடுத்து வைப்பது சோம்பலால் அல்ல. உனக்கும் இப்போது வீட்டுக் கடன் ஓடுகிறது, அதையும் யோசி.

அதற்காக எல்லாவற்றையும் வைத்துக்கொள் என்று சொல்லவில்லை. நம்முடையது என்று ஆனதுமே ஒரு பொருளின் மதிப்பு நம் கண்ணில் ஏறிவிடுகிறது. 1990-இல் கானமன், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்ட ஆய்வில், மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பைகளைக் கொடுத்து விற்கச் சொன்னார்கள். கோப்பை கிடைத்தவர்கள் கேட்ட விலை, கிடைக்காதவர்கள் தர முன்வந்த விலையைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் ‘இதைத் தூக்கிப் போடலாமா’ என்று கேட்காதே. ‘இது என்னிடம் இல்லாமல் இருந்தால் இன்று காசு கொடுத்து வாங்குவேனா’ என்று கேள். பதில் சட்டென்று வரும்.

எனக்கு மிகவும் பிடித்தது அளவு விதி. இந்த அலமாரித் தட்டு புத்தகத்துக்கு, இந்த டப்பா ஒயர்களுக்கு என்று இடத்தை முதலில் முடிவு செய். ரொம்பப் பிடித்ததை முதலில் வை, இடம் நிறைந்ததும் நிறுத்து. மனசாட்சியோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, இடமே முடிவு சொல்லிவிடும். ஆனால் இதற்கென்று புது டப்பாக்கள் வாங்கிவிடாதே. கழித்து முடித்த பிறகு பார்த்தால் பாதி டப்பா காலியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அம்மாவின் பெட்டியைத் தொடாதே. அவள் ஊருக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துச் செய்தால் வேலை சீக்கிரம் முடியும் என்று நீ நினைப்பது எனக்குப் புரிகிறது. வீட்டில் மற்றவர்களின் பொருளைச் சொல்லாமல் கழிக்காதே என்று மரி கோண்டோவே சொல்கிறார். உனக்கு அடைசலாகத் தெரிகிற தாளில் அவள் கைப்படக் கணக்கு எழுதியிருக்கலாம், அப்பாவின் ரசீது இருக்கலாம். அவள் திரும்பி வந்ததும் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் கேள். இரண்டு நாள் கூடுதலாகப் பிடித்தால் பிடிக்கட்டும்.

கொடுப்பதற்கு என்று ஒதுக்கும் மூட்டையை அன்றைக்கே வண்டியில் ஏற்றிவிடு. வாசலில் விட்டால் ஒவ்வொன்றாக உள்ளே திரும்பி வந்துவிடும். சனிக்கிழமை நானும் வருகிறேன், துணியை மட்டும் அதுவரைக்கும் பிரித்து வை.

அன்புடன்,
அக்கா