ஆச்சி சொல்லட்டும், பிள்ளைகள் இரண்டு மொழியிலும் எழுதட்டும்

திருநெல்வேலி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கும், ஊர் ஊராக வாசகர் வட்டம் நடத்துகிறவர்களுக்கும் வணக்கம்.

போன ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போயிருந்தோம். பட்டவராயனுக்கு நேர்ச்சையாக வந்த தோல் செருப்புகளைப் பார்த்துவிட்டு, பத்தாவது படிக்கிற என் அண்ணன் மகள், "சாமிக்கு எதுக்குச் செருப்பு?" என்று கேட்டாள். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். எங்க ஆச்சிதான் ஆரம்பித்தார்: பட்டவராயன் என்று சாமியாகிவிட்ட, பிராமணப் பிள்ளையான முத்துப்பட்டன், செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்களான பொம்மக்கா, திம்மக்கா இரண்டு பேரையும் கட்டிக்கொள்வதற்காகப் பூணூலை அறுத்ததும், செருப்புத் தைக்கப் படித்ததும், மாடு களவாண வந்தவர்களோடு மோதிச் செத்ததும், இடையிடையே வில்லுப்பாட்டில் கேட்ட வரிகளுமாக இருட்டுகிற வரைக்கும் சொன்னார்.

ஊருக்கு வந்ததும் அவள் அதை நோட்டில் எழுதினாள். முதலில் ஆச்சி சொன்னபடி தமிழில், அப்புறம் இங்கிலீஷில். "அந்தால கெளம்பிட்டான்" (அங்கிருந்து அப்படியே கிளம்பிவிட்டான்) என்ற இடத்தில் பேனா நின்றுவிட்டது. 'தென்' என்று போட்டால் நேரம் மட்டும்தான் வருகிறது, கிளம்பின இடம் போய்விடுகிறது. இரண்டு பேரும் அந்த ஒரு சொல்லுக்காக அரை மணி நேரம் பேசினார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்துத் தமிழில் தடுமாறுகிற பிள்ளை, இங்கிலீஷே தெரியாத ஆச்சி. அப்படி உட்கார்ந்து அவர்கள் பேசி நான் அதுவரை பார்த்ததில்லை.

இப்படிப் பெரியவர்கள் சொல்லப் பிள்ளைகள் இரண்டு மொழியிலும் எழுதுவதை நூலகங்கள் எடுத்து நடத்த வேண்டும் என்றுதான் கேட்கிறேன். வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், கேட்க நமக்கு உரிமை உண்டு. ஆனால் நூலகத்தில் நாற்காலி போட்டுப் பெரியவர்களை வரச் சொன்னால் வர மாட்டார்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் மடியில் சொளகை (முறத்தை) வைத்துப் பீடி சுற்றுகிற பெண்கள் கணக்கு முடிக்காமல் எழுந்திருக்க முடியாது, கதை நடப்பதும் அந்தத் திண்ணையில்தான். பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். காரையாறு பக்கத்துக் காணிக்காரப் பழங்குடி மக்களிடம் போனால் இரண்டு மொழி என்பது காணிப் பேச்சும் தமிழும் என்று இருக்கட்டும், இங்கிலீஷ் மெதுவாக வரட்டும்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன், பேச்சைத் திருத்தாதீர்கள். "சொல்லுதேன்" என்று எழுதியதற்குச் சின்ன வயதில் சிவப்பு மையில் அடி வாங்கியவள் நான், அதற்கப்புறம் பல வருஷம் எங்க வீட்டுப் பேச்சை எழுதவே கூச்சப்பட்டேன். கரிசல் காட்டுப் பேச்சை அப்படியே எழுதிய கி. ராஜநாராயணன் 1991-இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார். நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித்தேடித் தொகுத்த நா. வானமாமலை நாங்குநேரிக்காரர். எப்படிக் கேட்பது, எப்படிப் பதிவு செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியல் துறையே இருக்கிறது.

சொன்னவர் பெயரும் எழுதிய பிள்ளையின் பெயரும் நோட்டில் சேர்ந்தே இருக்க வேண்டும். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னதை விட்டுவிட வேண்டும். பழைய கதைகளில் சாதிச் சண்டைகளும் வரும், இன்னும் ஆறாத காயங்கள் அவை. சொல்கிறவருக்குக் கையில் ஏதாவது பணமும் கொடுங்கள், ஒரு மத்தியானம் பீடி சுற்றாவிட்டால் அன்றைய கூலி குறையும்.

முதல் கூட்டத்துக்கு எங்க வீட்டுத் திண்ணையைத் தருகிறேன். ஆச்சிக்கு 84 வயது, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மேல் வாருங்கள், அதற்கு முன்னால் தூங்கிக்கொண்டிருப்பார்.