பொட்டலம் வீடு போய்ச் சேரும் வரை: சுற்றுலா ஊர் மிட்டாய்க் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

சின்னச் சுற்றுலா ஊர்களில் மிட்டாய், சாக்லேட், ஜாம், தேன், சீஸ் என்று விற்கும் கடைக்காரர்களுக்கும் அவர்களுடைய வணிகர் சங்கங்களுக்கும் வணக்கம்.

உங்கள் கடைக்கு வருகிறவர் ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, மீதியைப் பொட்டலமாகத்தான் வாங்கிப் போகிறார். அது காரின் பின் இருக்கையில் பல மணி நேரம் கிடந்து, வீடு போய், அக்கம்பக்கத்துக்கும் அலுவலகத்துக்கும் பங்கு பிரிகிறது. உங்கள் கடையின் பெயர் நிற்பதும் கெடுவதும் அங்கேதான். கடையில் மொறுமொறுவென்று இருந்தது வீட்டில் பிரிக்கும்போது நமுத்து, ஒட்டிப்பிடித்து, வெள்ளை பூத்துக் கிடந்தால் பயணத்தை யாரும் குறை சொல்வதில்லை. அந்தக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றின் வேர் கடையிலேயே இருக்கிறது. அங்கேயே சரிசெய்யவும் முடியும். இந்தத் தொழிலை உள்ளிருந்து அறிந்தவர்கள் என்ற உரிமையில் சிலவற்றைக் கேட்டுக்கொள்கிறோம்.

முதலில் சாக்லேட். கோகோ வெண்ணெய் பல விதப் படிகங்களாக உறையக்கூடியது. நமக்கு வேண்டியது அதில் ஒரே ஒரு விதம்: ஏறத்தாழ 33, 34 டிகிரி செல்சியஸில் உருகுவது. உடைத்தால் டக்கென்று முறிவதும் வாயில் போட்டதும் கரைவதும் அதனால்தான். டார்க் சாக்லேட்டை 45 முதல் 50 டிகிரி வரை உருக்கி, 27, 28க்கு இறக்கி, மறுபடி 31, 32க்கு ஏற்றி அச்சில் ஊற்ற வேண்டும். மில்க் சாக்லேட்டுக்குக் கடைசி வெப்பம் 29, 30. இரண்டு மூன்று டிகிரி கூடிவிட்டாலும் அதுவரை அமைந்த நல்ல படிகங்கள் கரைந்துபோகும். உறைந்தபின் மேற்பரப்பு மங்கி, சில நாளில் சாம்பல் நிறக் கோடுகள் கிளம்பும். கூட்டம் நெரிக்கும் நாளில் தெர்மாமீட்டரைத் தொடாமல் கண்ணளவில் ஊற்றுகிறார்கள். விடுமுறைக் காலத்துச் சரக்கு சீக்கிரம் பூப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்படிச் சூடேற்றி, இறக்கி, மறுபடி ஏற்றுவதற்குத்தான் டெம்பரிங் என்று பெயர். சரியாக டெம்பர் செய்த சாக்லேட்டையும் கடை ஜன்னல் கெடுத்துவிடும். தெருவில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்று வெயில் விழும் இடத்தில் அடுக்குவீர்கள், மாலையில் குளிரும், மறுநாள் மறுபடி வெயில். இந்த ஏற்ற இறக்கத்தில் கொழுப்பு மேலே வந்து பூக்கிறது. ஜன்னலில் காலிப் பெட்டிகளையும் மாதிரி அச்சுகளையும் வையுங்கள். விற்கும் சரக்கு 15 முதல் 18 டிகிரி வரை, ஈரமில்லாத இடத்தில் இருக்கட்டும். அதற்காக ஃபிரிட்ஜில் வைத்து, குளிரக் குளிர எடுத்துக் கொடுப்பதும் தவறு. வெளிக்காற்று பட்டதும் அதன்மேல் வியர்க்கும். அந்த ஈரம் சர்க்கரையைக் கரைத்து, காய்ந்ததும் சொரசொரப்பான வெள்ளைப் படலமாக நின்றுவிடும். எந்தப் பூப்பு என்று தெரிய ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். பரவி ஊறினால் சர்க்கரை. உருண்டு நின்றால் கொழுப்பு. இரண்டையும் தின்றால் ஒன்றும் ஆகாது. ஆனால் வாங்கியவர் பூஞ்சை என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடுவார். பெட்டியின் உள்மூடியில் இரண்டு வரி எழுதிவைத்தால் அந்தப் பெட்டி பிழைக்கும்.

கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு சேர்ந்த, காம்பவுண்ட் எனப்படும் கலவையில் செய்ததை அப்படியே சொல்லி விற்றுவிடுங்கள். அது வெப்பம் தாங்கும், டெம்பரிங் வேண்டாம், தொலைதூரம் போகிறவருக்கு உண்மையிலேயே தோதானது. அந்தக் குணங்களைச் சொல்லியே விற்கலாம். சாக்லேட் என்ற பெயரில் அதே விலைக்குக் கொடுப்பது மட்டும் நியாயமில்லை.

ஃபட்ஜ், அதாவது சர்க்கரையும் பாலும் வெண்ணெயும் காய்ச்சிச் செய்யும் மெத்தென்ற மிட்டாய், மலை ஊர்க்காரர்களைத்தான் அதிகம் ஏமாற்றும். பாகை 114 டிகிரி வரை காய்ச்ச வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கும். அது கடல்மட்டக் கணக்கு. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை ஒரு டிகிரி இறங்குகிறது. 1,500 மீட்டர் உயரத்தில் நீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அங்கே பாகை 109லேயே இறக்கிவிட வேண்டும். 114 வரை விட்டால் நீர் கூடுதலாக வற்றி, வெட்டும்போதே பொலபொலவென்று உதிரும். தினமும் வேலை தொடங்குமுன் கொதிக்கிற தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அது காட்டுவதோடு 14ஐக் கூட்டிக்கொண்டால் அன்றைய பதம் வந்துவிடும். தெர்மாமீட்டர் பழுதென்றால் அதுவும் தெரியும். இறக்கிய பாகை 45, 50 டிகிரிக்கு ஆறும் வரை கிளறவே கூடாது. சூட்டோடு கிளறினால் பெரிய பெரிய படிகங்கள் விழுந்து, நாக்கில் மணல்போல நரநரக்கும். கிளறுவதை வாடிக்கையாளர்கள் நின்று பார்க்கட்டும் என்று ஆறுமுன்னே தொடங்கிவிடுகிற கடைகள் உண்டு. அந்த வேடிக்கைக்கு ஒரு நேரம் குறித்துப் பலகையில் எழுதிவிட்டால் பார்க்க வருகிறவர்களும் காத்திருப்பார்கள்.

கடினமான மிட்டாய்க்குப் பகை காற்றின் ஈரம். 150 டிகிரி வரை காய்ச்சிய பாகில் 2 விழுக்காடு அளவுக்குத்தான் நீர் மிஞ்சும். அதனால் சுற்றிலும் உள்ள ஈரத்தை அது இழுத்துக்கொண்டே இருக்கும். கடலோரத்திலும் மூடுபனி இறங்கும் ஊரிலும் திறந்த கூடையில் குவித்து வைப்பது பார்க்க அழகு, சரக்குக்குக் கேடு. மூடி இறுகும் ஜாடியும் ஒவ்வொன்றுக்கும் தனி உறையும் வேண்டும். எலுமிச்சைச் சாற்றையோ சிட்ரிக் அமிலத்தையோ பாகு கொதிக்கும்போதே சேர்ப்பதும் பிசுபிசுப்புக்குக் காரணம். அமிலம் சர்க்கரையைச் சிதைத்து, இன்னும் ஈரம் இழுப்பதாக மாற்றிவிடும். இறக்கி, கொஞ்சம் ஆறியபின் சேருங்கள்.

இந்த மடலை எழுதத் தூண்டியதே கலவைப் பெட்டிதான். ஊர் நினைவாக வாங்குகிறவர்கள் அதைத்தான் விரும்பிக் கேட்கிறார்கள். அதன் மூடியைத் திறந்தால் பல சமயம் எல்லாமே புதினா மணக்கும். புதினா எண்ணெய் ஆவியாகி மெல்லிய தாள் உறையைத் தாண்டிவிடும். சாக்லேட்டின் கொழுப்பு எந்த மணத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒரே இரவில் வனிலாவும் ஆரஞ்சும் அடையாளம் இழந்துவிடும். புதினா, காபி, மசாலா வகைகளைத் தனித்தனியாக ஃபாயிலில் இறுகச் சுற்றுங்கள்; முடிந்தால் தனிப் பெட்டியே கொடுத்துவிடுங்கள். வாசனைச் சோப்பும் மெழுகுவர்த்தியும் விற்கும் கடை என்றால் அந்த அலமாரியைச் சாக்லேட்டுக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். மணத்தைப் போலவே ஈரமும் இடம் மாறும். மார்ஷ்மெல்லோவையும் ஃபட்ஜையும் கடலை பிரிட்டில் என்ற மொறுமொறுப்பான கடலை மிட்டாய்க்குப் பக்கத்தில் அடுக்கினால், மெத்தென்று இருந்தது காய்ந்துபோகும், மொறுமொறுப்பானது நமுத்துப்போகும். ஒரே பெட்டியில் இரண்டும் கெடும். நடுவில் வைக்கும் அட்டைத் தடுப்பு இதைத் தடுக்காது. ஈரம் புகாத உறை போட்டு ஒட்ட வேண்டும்.

முந்திரி, பாதாம் போன்ற பருப்பு வகைகள் சேர்ந்த மிட்டாயில் முதலில் கெடுவது பருப்பின் எண்ணெய். வால்நட் எல்லாவற்றுக்கும் முந்திச் சிக்குவாடை அடிக்கும். சென்ற பருவத்தில் வாங்கி மிஞ்சியதை இந்தப் பருவத்துப் பாகில் போடாதீர்கள். வறுத்த மணம் கொஞ்ச நேரம் அதை மறைக்கும், பொட்டலம் வீடு போய்ச் சேர்வதற்குள் வாடை தெரிந்துவிடும்.

ருசி பார்க்கக் கொடுப்பதில் ஒவ்வாமையை மறந்துவிடுகிறோம். வேர்க்கடலை மிட்டாயை அள்ளிய கரண்டி அடுத்த ஜாடிக்குள் போகிறது. பருப்பு ஃபட்ஜ் வெட்டிய கத்தி வெறும் ஃபட்ஜை வெட்டுகிறது. ஒவ்வாமை உள்ள குழந்தைக்கு அந்தத் துகளே போதும், மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும். ஜாடிக்கு ஒரு இடுக்கி, பலகைக்கு ஒரு கத்தி. மில்க் சாக்லேட் ஓடிய அதே இயந்திரத்தில் செய்த டார்க் சாக்லேட்டைப் பால் இல்லாதது என்று சொல்லாதீர்கள். குழந்தையிடம் எதையும் நீட்டுமுன் பெற்றோரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு உருண்டையான கடின மிட்டாய் வேண்டவே வேண்டாம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும்.

ஜாம், தேன், சீஸ் பக்கம் சொல்ல வேண்டியது குறைவு, ஆனால் கண்டிப்பானது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது, புட்டியிலேயே அச்சிடுங்கள். உறைந்த தேனைக் கலப்படம் என்று திருப்பிக் கொண்டுவருகிறவர்களுக்கு, வெதுவெதுப்பான நீரில் புட்டியை வைத்தால் இளகும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எண்ணெயில் ஊறிய பச்சைப் பூண்டைக் கடையிலேயே போட்டு அலமாரியில் வைத்து விற்காதீர்கள். காற்றில்லாத அந்த எண்ணெய்க்குள் பொட்டுலிசம் என்ற, உயிருக்கே ஆபத்தான உணவு நஞ்சை உண்டாக்கும் கிருமி வளரும். மணத்திலும் நிறத்திலும் ஒன்றும் தெரியாது.

வாங்குகிறவரிடம் எப்படிப் போகிறீர்கள் என்று கேளுங்கள். விமானம் என்றால், ஜாமும் தேனும் மிருதுவான சீஸும் பல விமான நிலையங்களில் திரவக் கணக்கில் வரும். 100 மில்லிக்கு மேற்பட்ட புட்டியைக் கைப்பையிலிருந்து எடுத்துவிடுவார்கள். விமானத்தில் ஏற்றி அனுப்பும் பயணப் பெட்டிக்குள் போடச் சொல்லுங்கள். கார் என்றால், வெயிலில் நிறுத்திய காருக்குள் 50 டிகிரியும் தாண்டும். ஊர் சுற்றி முடித்துவிட்டுக் கிளம்பும் நேரத்தில் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். பணம் கட்டியதை அதுவரை உங்கள் குளிர்ந்த அறையில் பெயரெழுதி வைத்திருந்தால் ஒருவரும் மாட்டேன் என்று சொல்லமாட்டார்கள். பார்சலில் அனுப்புகிறீர்கள் என்றால் வாரத் தொடக்கத்தில் அனுப்புங்கள். வெள்ளிக்கிழமை போட்டது கிடங்கில் இரண்டு நாள் வேகும். குளிர்ஜெல் பையை மிட்டாய்ப் பெட்டியோடு ஒட்டி வைக்காமல், பெட்டியை முதலில் காற்றுப்புகாத உறையில் போட்டு மூடுங்கள்.

சங்கத்தாரிடம் தனியாக ஒன்று கேட்கிறோம். எல்லாக் கடைக்கும் பொதுவாக ஒரு அட்டை அச்சிடுங்கள். செய்த தேதி, எத்தனை நாள் தாங்கும், எந்த வெப்பத்தில் வைக்க வேண்டும், பால், பருப்பு, எள், கோதுமை எது சேர்ந்திருக்கிறது, பெட்டி நீங்கலாக எடை எவ்வளவு என்று கையால் நிரப்பும்படி இடம் விட்டிருந்தால் போதும். அடுத்த பருவக் கூட்டம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னால் அது ஒவ்வொரு கடையின் கல்லாவிலும் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மிட்டாய்த் தொழில் அறிந்தவர்கள்