பட்டை ஒட்ட ஏன் மூன்று நாள்? பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் நெருங்குகிறது. வழக்கம்போல கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. "மஸ்டாங்குக்கு நடுவால இரண்டு நீலப் பட்டை போட வேணும். சனிக்கிழமை காலையில் கொண்டு வந்தால் பகல் சாப்பாட்டுக்கு முன்னால் எடுத்துக்கொண்டு போகலாமா?" என்று கேட்கிறீர்கள். கோர்ட்டினா, மினி, பழைய லான்சர் வைத்திருப்பவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்: காரை மூன்று நாள் எங்களிடம் விட வேண்டும். பணத்தைக் கூட்டிக் கேட்பதற்காக நாளை இழுக்கிறோம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அதனால்தான் இந்த மடல்.

முதலில் குளிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பட்டைக்கு நாங்கள் போடுவது வினைல் என்ற பிளாஸ்டிக் ஒட்டுத்தாள். அதன் பின்னால் இருக்கும் பசை அழுத்தினால் பிடிக்கும் வகை. அது பெயின்டின் மேல் மெதுவாகப் பரவி, கண்ணுக்குத் தெரியாத மேடு பள்ளங்களுக்குள் இறங்கினால்தான் பிடிப்பு வரும். குளிரில் பசை இறுகிவிடும், பரவாது. ஒட்டிய அன்று பார்க்க நன்றாகத்தான் இருக்கும். இரண்டு வாரம் கழித்து ஓரம் எழும்பும், அதற்குள் தூசி போகும், பிறகு அந்த ஓரம் திரும்பப் படியவே படியாது. நல்ல வினைல் தயாரிப்பாளர்கள் ஒட்டும்போது இருக்க வேண்டிய வெப்பநிலையை எழுதியே கொடுக்கிறார்கள். பொதுவாக அது 15 முதல் 25 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும். நம்முடைய ஊர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பகலில் வெயில் அடித்தாலும் பொழுது சாய்ந்ததும் வெப்பநிலை சடாரென்று இறங்கிவிடும். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனியே விழுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள்: கணக்கில் வருவது அறையின் சூடு அல்ல, தகட்டின் சூடு. இரவு முழுவதும் வெளியே நின்ற காரின் பொனட், அறை சூடாகிப் பல மணி நேரம் ஆன பிறகும் குளிர்ந்தேதான் இருக்கும்.

குளிரோடு ஈரமும் சேர்ந்து வருகிறது. குளிர்ந்த காரைச் சூடான அறைக்குள் ஏற்றினால், காற்றில் இருக்கும் ஈரம் தகட்டில் நீராகப் படியும். துடைத்தால் மீண்டும் படியும். மண்ணெண்ணெய் ஹீட்டரைக் கொளுத்தி அறையைச் சூடாக்கினால் நிலைமை இன்னும் மோசமாகும், ஏனென்றால் மண்ணெண்ணெய் எரியும்போது நீராவியும் வெளியே வருகிறது. அதனால் நாங்கள் மின்விளக்கில்தான் சூடேற்றுகிறோம். முதல் நாள் கழுவி, துடைத்து, காரை உள்ளே நிறுத்திவிடுவோம். ஒரு இரவு முழுக்க அறையும் தகடும் ஒரே சூட்டுக்கு வர வேண்டும். மூன்று நாளில் ஒரு நாள் இதற்கே போய்விடுகிறது.

கீழ்நாட்டில் பல இடங்களில் சவர்க்கார நீர் தெளித்து ஒட்டுவார்கள். குழந்தைகளுக்குப் போடும் ஷாம்பூ சில துளி கலந்த தண்ணீர்தான். தாளை அங்கும் இங்கும் நகர்த்திச் சரிசெய்யலாம், அப்புறம் ஸ்குவீஜி என்ற தட்டையான வழிப்பானால் நீரை வெளியே தள்ளிவிடலாம். கொழும்பு வெயிலில் மிச்சமிருக்கும் ஈரம் விரைவாகக் காய்ந்துவிடும். இங்கே அது தாளுக்கு அடியில் நாள்கணக்கில் நிற்கும், அதுவரை பசை பிடிக்காது. ஆகவே மெல்லிய பட்டை என்றால் நாங்கள் உலர்வாகவே ஒட்டுகிறோம். உலர்வாக ஒட்டும்போது தாளை நகர்த்த முடியாது. வைத்த இடத்தில் வைத்ததுதான். அதனால்தான் அளவெடுப்பதற்கு அவ்வளவு நேரம் எடுக்கிறோம்.

அளவெடுப்பதுதான் இந்த வேலையின் உயிர் என்பேன். 1960களின் அமெரிக்க மஸ்ல் காரின் (பெரிய எஞ்சின் வைத்த வேகக் காரின்) பொனட் நீண்டது, அகலமானது, பல கார்களில் நடுவில் மேடும் உண்டு. பொனட், முன் முகம், கூரை, டிக்கி எல்லாவற்றிலும் பட்டை ஒரே கோட்டில் ஓட வேண்டும். காரின் நடுக்கோட்டை எங்கிருந்து எடுப்பது? முன்னால் இருக்கும் சின்னத்தை நம்பி எடுக்கக் கூடாது. ஐம்பது வருடத்துக்கு மேல் ஓடிய காரில் பொனட் ஒருமுறையாவது கழற்றி மாட்டப்பட்டிருக்கும், மட்காட் மாற்றியிருப்பார்கள், சின்னம் சற்று விலகி அடிக்கப்பட்டிருக்கும். நாங்கள் முன் கண்ணாடியின் இரு ஓரத்திலிருந்தும் பின் கண்ணாடியின் இரு ஓரத்திலிருந்தும் அளந்து நடுவைக் குறித்து, முன்னிருந்து பின் வரை நூல் கட்டுகிறோம். பிறகு பத்தடி தள்ளி நின்று கண்ணால் பார்க்கிறோம். அளவுகோல் சரி என்று சொல்லி, கண் இல்லை என்று சொன்னால், நாங்கள் கண்ணின் பக்கம்தான். தெருவில் போகிறவர்கள் அளவுகோலோடு வருவதில்லையே. சில கார்களில் பொனட் முன்னால் ஒடுங்கும். அங்கே ஒரே அகலமான பட்டை முன்பக்கம் பருத்துத் தெரியும். முதலில் மாஸ்கிங் டேப்பில் பட்டையின் ஓரங்களை ஒட்டிக் காட்டுகிறோம். சொந்தக்காரர் வந்து பார்த்து, "ஒரு விரல் அகலம் குறைக்கலாம்" என்றால் குறைக்கலாம். டேப் மலிவு. வினைலைக் கிழித்துப் போட்டுத் திருத்துவதைவிட அது எவ்வளவோ மேல்.

ஒட்டும்போது தாளை நீளவாக்கில் இழுக்கவே கூடாது. இழுத்தால் பட்டை அந்த இடத்தில் ஒடுங்கும், சூடு பட்டதும் பழைய அளவுக்குத் திரும்பப் பார்க்கும். மேடு ஏறும் இடத்தில் மட்டும் ஹீட் கன்னால் இளக்கி விரலால் படிய வைப்போம். ஒட்டி முடிந்த பிறகு அதே இடத்தை மறுபடி நன்றாகச் சூடாக்க வேண்டும். தாள் தன் பழைய வடிவத்தை மறப்பது அந்தச் சூட்டில்தான். மூன்றாம் நாள் வேலைகளில் இதுவும் ஒன்று.

பெயின்டின் மேல் வைத்துப் பிளேடால் வெட்டித் தரச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள், "சீக்கிரம் முடியுமே" என்று. எங்கள் கடையில் அது கிடையாது. பிளேடு முனை பெயின்டைக் கீறினால் கோடு தகடு வரை இறங்கும். நம்முடைய மழையிலும் மூடுபனியிலும் அந்தக் கோட்டில் துரு பிடிக்க நீண்ட காலம் வேண்டியதில்லை, பட்டைக்கு அடியில் பிடிப்பதால் கண்ணுக்கும் தெரியாது. மெஷினில் முன்கூட்டியே வெட்டி எடுக்கிறோம். காரின் மேலேயே வெட்ட வேண்டி வந்தால், உள்ளே நூல் ஓடும் ஒரு டேப் இருக்கிறது. அதை முதலில் ஒட்டி, மேலே வினைலைப் படியவைத்து, நூலை இழுத்தால் வினைல் நேராக அறுந்து வரும், பெயின்டில் கீறல் விழாது.

இனி பெயின்ட். சீசனுக்காகப் புதுசாக ஸ்பிறே பண்ணி, பெயின்ட் பாஸ் நேற்றுத்தான் கையெடுத்தார் என்று கொண்டு வருகிறீர்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பெயின்டுக்குள் இருக்கும் தின்னர் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை வினைலால் மூடினால் அடியில் குமிழ் குமிழாக எழும்பும். அடுப்பில் வாட்டாமல் காற்றில் காயவிட்ட பெயின்ட் என்றால் குறைந்தது ஒரு மாதம் பொறுக்கச் சொல்கிறோம். மலைநாட்டுக் குளிரில் அதற்கு மேலும் ஆகலாம். சந்தேகம் இருந்தால் மறைவான ஒரு இடத்தில் சிறு துண்டு வினைல் ஒட்டி, விளக்குச் சூட்டில் வைத்து, மறுநாள் பார்ப்போம். குமிழ் வந்தால் காரைத் திருப்பி அனுப்புவோம். இதில் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய பெயின்ட் என்றால் வேறு சிக்கல். விரலால் தேய்த்தால் வெள்ளைத் தூள் ஒட்டுகிறதா? அப்படியென்றால் மேல்தோல் வெயிலில் செத்துப்போய்விட்டது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடும்போது புற ஊதாக் கதிரின் வலிமை சுமார் 10 வீதம் கூடுகிறது. குளிராக இருக்கிறதே என்று நம் ஊர் வெயிலைச் சாதுவாக நினைக்க வேண்டாம். அந்தத் தூளின் மேல் ஒட்டினால் வினைல் தூளைத்தான் பிடித்திருக்கும், காரை அல்ல. முதலில் பொலிஷ் பண்ணி உயிருள்ள பெயின்டை வெளியே கொண்டு வர வேண்டும்.

வேக்ஸ் போட்டுக்கொண்டு வராதீர்கள். தயவுசெய்து. நீங்கள் ஆசையாகப் பளபளக்க வைத்ததை நாங்கள் அரை நாள் நின்று துடைத்து எடுக்க வேண்டியிருக்கிறது.

விலையைப் பற்றி ஒரு சொல். கலண்டர் வினைல் என்பது உருளைகளுக்கு நடுவில் அழுத்தி இழுத்துச் செய்வது. காஸ்ட் வினைலைத் திரவமாக ஊற்றிக் காயவைக்கிறார்கள். மாவை உருட்டித் தட்டிய ரொட்டி கல்லில் போடுவதற்கு முன்பே சுருங்கப் பார்க்கும், ஊற்றிய தோசை ஊற்றின அளவிலேயே நிற்கும். வினைலும் அப்படித்தான். இழுத்துச் செய்த தாள் வெயிலில் சுருங்கி, பட்டையின் ஓரத்தில் பசைக் கோடு கறுப்பாகத் தெரியும். சமதளமான கடைப் பலகைக்குக் கலண்டர் வினைல் போதும், நாங்களே அதைத்தான் போடுகிறோம். கார் பொனட்டுக்குக் காஸ்ட் மட்டும்தான். அதன் தடிப்பு ஏறத்தாழ 50 மைக்ரோன், விலை கூட.

உண்மையான மஸ்ல் கார் வைத்திருக்கும் சிலருக்கு இதையும் சொல்ல விரும்புகிறேன். வெள்ளைக் காரில் இரண்டு நீலப் பட்டை என்பது அமெரிக்காவின் பந்தய நிறத்திலிருந்து வந்தது. அமெரிக்கப் பந்தயக்காரர் பிரிக்ஸ் கனிங்ஹாம் 1950களின் தொடக்கத்தில் பிரான்சின் லு மான் பந்தயத்துக்குத் தன் கார்களை அந்த நிறத்தில் கொண்டு போனார். 1965 ஷெல்பி ஜிடி350 காரிலும் அதே வெள்ளை, அதே நீலம். அந்தக் காரில் அது ஒட்டிய தாள் அல்ல, பெயின்ட். மாறாக லாரி ஷினோடா வடிவமைத்த 1969 ‘பாஸ் 302’ ரக மஸ்டாங்கின் பக்கவாட்டுப் பட்டை, இரவில் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒட்டுத்தாள். ஆகவே காரை அசலாகவே மீட்டெடுக்க நினைத்தால், உங்கள் காருக்கு, உங்கள் வருடத்துக்கு எது வந்தது என்று பார்த்துவிட்டு வாருங்கள். பெயின்டில் வந்த பட்டை என்றால் அதை பெயின்ட் பாஸிடமே கொடுக்கச் சொல்வோம். எங்களுக்கு அது நட்டம்தான், காருக்கு அதுவே நியாயம்.

ஒட்டிய பிறகு ஒரு நாளாவது மழையில் நனைய விட வேண்டாம். ஒரு வாரத்துக்குப் பிரஷர் வொஷ் கூடாது, அதன் பிறகும் குழாயைப் பட்டையின் ஓரத்துக்குக் கிட்டே பிடிக்க வேண்டாம். மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்கும் பழக்கம் நம் பக்கம் இருக்கிறது, பட்டையின் மேல் வேண்டவே வேண்டாம். 60களின் மஸ்டாங்குக்குப் பெற்றோல் மூடி பின்னால், இரண்டு விளக்குக்கும் நடுவில் இருக்கிறது. பட்டையை அதுவரை இறக்கியிருந்தால் பெற்றோல் அடிக்கும்போது சிந்தாமல் பார்க்கச் சொல்லுங்கள், சிந்தினால் உடனே துடையுங்கள். பெற்றோல் பசையை இளக்கிவிடும்.

ஒருநாள் பட்டை வேண்டாம் என்று தோன்றினால் நீங்களே நகத்தால் கிள்ளி உரிக்காதீர்கள். கொண்டு வாருங்கள், சூடாக்கி மெதுவாக எடுப்போம். பல வருடம் மூடியிருந்த இடம் வெயில் படாமல் பழைய நிறத்திலேயே இருக்கும் என்பதால், எடுத்த பிறகும் பட்டையின் நிழல் பெயின்டில் தெரியலாம். இதை ஒட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்.

1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்தைப் பார்க்க வருகிறவர்கள், காரை மார்ச் கடைசி வாரத்துக்குள் எங்களிடம் விடுவது நல்லது. புத்தாண்டுக்கு எங்கள் தம்பிமார் தோட்டத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள், அந்த நாட்களில் கடை பூட்டு. வருவதற்கு முன் அழையுங்கள், காரின் முன், பின், பக்கப் படங்களை வட்ஸ்அப்பில் அனுப்புங்கள். டிங்கரிங் வேலை ஏதும் பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள், தொங்கும் கதவில் நேரான பட்டை ஒட்ட முடியாது. றம்பொடை வழியாக ஏறி வருகிறவர்கள் காலையிலேயே வந்து சேர்ந்தால், பொனட் ஆறி, அன்றைக்கே கழுவத் தொடங்கலாம்.

அன்புடன்,
கடையிலிருந்து அனைவரும்
நுவரெலியா