டேக் என்றால் எடு என்று சொல்லிக்கொடுத்தோமே

நாகர்கோவில்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மழை, கரண்ட் இல்லை என்று ஏதாவது காரணம் எழுதலாம், நீ நம்ப மாட்டாய். உண்மை என்னவென்றால், இந்த மூன்று வாரமாகத் தினமும் சாயங்காலம் நான் நோயாளியாக இருக்கிறேன். பயப்படாதே, நடிப்புதான்.

எதிர் வீட்டுப் பெண் நர்சிங் முடித்து, இங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்தவள். இங்கிலாந்துக்குப் போவதற்காக ஓஇடி பரீட்சைக்குத் தயாராகிறாள். மருத்துவத் துறையினருக்கென்றே உள்ள ஆங்கிலத் தேர்வு அது. 2017-லிருந்து அந்த நாட்டு நர்சிங் கவுன்சில், எல்லாருக்கும் பொதுவான ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் போலவே இதையும் ஏற்றுக்கொள்கிறது. பேச்சுத் தேர்வில் இரண்டு குட்டி நாடகங்கள். கையில் ஓர் அட்டை கொடுப்பார்கள். அதைப் படிக்க 3 நிமிடம், நடிக்க ஏறக்குறைய 5 நிமிடம். இவள் நர்ஸ், எதிரில் இருப்பவர் நோயாளி அல்லது நோயாளியின் சொந்தக்காரர். ரிட்டையரான இங்கிலீஷ் வாத்தியார் எதிர் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கும்போது நோயாளிக்கு அவள் வேறு எங்கே போவாள்? "உங்களுக்கு நடிக்கவே வேண்டாம், எப்பவும் புலம்பிக்கிட்டுதானே இருக்கீங்க" என்கிறாள் என் வீட்டுக்காரி, உன் தங்கச்சி.

முதல் நாளே என்னிடம், "டிட் யூ புட் த டேப்லெட்?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டேக் என்று சொல்லும்மா" என்றேன். அன்றைக்கு ஆரம்பித்தது வினை. யோசித்துப் பார். நாம் மாத்திரையைப் போடுகிறோம், டானிக்கைக் குடிக்கிறோம், பிரஷரைப் பார்க்கிறோம், ரத்தத்தை எடுக்கிறோம், மூச்சை இழுத்து விடுகிறோம், சட்டையைக் கழற்றுகிறோம், தையலைப் பிரிக்கிறோம். இங்கிலீஷ்காரன் இத்தனைக்கும் டேக் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறான். டேக் யுவர் டேப்லெட்ஸ், லெட் மீ டேக் யுவர் பிளட் பிரஷர், டேக் எ டீப் பிரெத், டேக் ஆஃப் யுவர் ஷர்ட். உட்காரச் சொல்வதும் டேக் எ சீட்தான்.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ அவள் நோட்டை மூடிவிட்டு, "சார், டேக்குன்னா எடுன்னுதானே ஒன்பதாம் கிளாஸ்ல சொல்லிக்கொடுத்தீங்க? ரத்தத்தைத் தவிர இதுல நாம எதை எடுக்கிறோம்?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை. சொல்லிக்கொடுத்தது நான்தான், நீயும்தான். முப்பது வருஷம் கரும்பலகையில் டேக், டுக், டேக்கன், எடு, எடுத்தான் என்று எழுதிப்போட்டோமே!

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் செடிக்குத் தண்ணீர் விடப் போனேன். நீ கோயம்புத்தூரிலிருந்து துணியில் சுற்றிக் கொண்டுவந்து தந்தாயே, அந்த ஒட்டுமாங்கன்று. ஒரு மாதம் குச்சி மாதிரி நின்றது, நுனியில் இரண்டு செம்பு நிற இலை விட்டிருக்கிறது. "பிடிச்சுக்கிச்சு!" என்று உள்ளே பார்த்துக் கத்தினேன். கத்திய வாயை மூடவில்லை, மண்டையில் மணி அடித்தது. ஒட்டு பிடித்தால் இங்கிலீஷ்காரன் என்ன சொல்வான்? த கிராஃப்ட் ஹேஸ் டேக்கன்.

எடு இல்லை மக்கா, பிடி! நேரம் பிடிக்கும் என்கிறோம், இட் டேக்ஸ் டைம். பஸ் பிடித்துப் போனேன், படம் பிடித்தேன் என்கிறோம், இரண்டும் அங்கே டேக். துணியில் சாயம் பிடித்தால் த டை டேக்ஸ். ஒருவரைப் பார்த்ததும் பிடித்துப்போனால் டேக் டு. திடீரென்று நோய் பிடித்துக்கொண்டால் டேக்கன் இல். அவ்வளவு ஏன், நீ உன் வீட்டுக்காரியைக் கைப்பிடித்தாயே, அதையே அவர்கள் சர்ச்சில் ஐ டேக் தீ என்று சொல்கிறார்கள்.

சும்மா வந்த ஒற்றுமையாக இருக்காது என்று தோன்றி, அகராதியில் வேரைத் தேடினேன். டேக் ஆதியில் இங்கிலீஷே இல்லை. 793-இல் லிண்டிஸ்ஃபார்ன் மடத்தைக் கொள்ளையடித்தார்களே வைக்கிங்குகள் என்ற வடநாட்டுக் கடலோடிகள், அவர்களுடைய வழியில் வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறி விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் டாக்கா என்றால் பற்றுதல், பிடித்தல். அதன் உறவான காத்திக் என்ற மறைந்துபோன மொழியின் சொல்லுக்குத் தொடுதல் என்றே பொருள். கெட் என்ற சொல்லும், தே என்ற சொல்லும்கூட அந்தக் கப்பலில் வந்தவைதான். கொள்ளையடிக்க வந்தவன் 'அவர்கள்' என்ற சொல்லையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான் பார்.

அதற்கு முன்னால் இங்கிலீஷில் இந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது நிமன் என்ற சொல். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் நேமென் என்கிறார்கள். இங்கிலாந்தில் டேக் வந்து அதைத் தள்ளிவிட்டது. ஆனால் அது முழுசாகச் சாகவில்லை. நம் நர்ஸ் என்னிடம் தினமும், "இஸ் யுவர் ஹேண்ட் நம்?" என்று கேட்கிறாள், கை மரத்துப்போயிருக்கிறதா என்று. மரத்துப்போனதைச் சொல்கிற அந்த 'நம்' என்பது நிமன் பெற்ற பிள்ளை. 'பிடிக்கப்பட்டது' என்பதுதான் அதன் பழைய பொருள். கடைசியில் சத்தமில்லாமல் நிற்கிற பீ எழுத்து பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டது. நாம் கை மரம் ஆகிவிட்டது என்கிறோம், அவர்கள் எதுவோ பிடித்துக்கொண்டது என்றார்கள். இதைச் சொன்னதும் அந்தப் பெண் தன் விரல்களை ஒருதரம் மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டாள்.

பிடி எல்லாப் பூட்டுக்கும் சாவி ஆகாது, அதையும் சொல்லிவிடுகிறேன். டேக் ஆஃப் என்றால் விமானமும் கிளம்பும், சட்டையும் கழலும். அங்கே மனப்பாடம்தான் வழி. அப்புறம், நாம் 'ரெஸ்ட் எடு' என்பதை அப்படியே டேக் ரெஸ்ட் என்று சொல்லிப் பழகிவிட்டோம். அங்கே கெட் சம் ரெஸ்ட் என்பார்கள். இதை அவள் வாயிலிருந்து கழற்ற ஒரு வாரம் பிடித்தது. பரீட்சை விஷயமும் வேடிக்கைதான். நாம் பரீட்சை 'எழுதுகிறோம்', ஐ ஆம் ரைட்டிங் த எக்ஸாம் என்கிறோம். அங்கே மாணவன்தான் எக்ஸாமை டேக் பண்ணுவான். நம் ஊரிலோ டேக்கிங் எக்ஸாம் என்றால் வாத்தியார் பரீட்சை வைக்கிறார் என்று பிள்ளைகள் அலறும்.

உன் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடு. குனிந்து தண்ணீர்க் குடம் தூக்குகிற வேலை வேண்டாம், உன் வீட்டுக்காரியிடமும் இதைச் சொல்லி வைக்கிறேன். என் முட்டி அப்படியேதான் இருக்கிறது.

அடுத்த வாரம் அவளுக்குப் பரீட்சை. என் குரலும் என் நோய்களும் அவளுக்குப் பழகிவிட்டன, என்ன சொல்வேன் என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. புது நோயாளி ஒருவர் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் பண்ணுகிறாயா? கண் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிற, சொட்டு மருந்து விட அடம்பிடிக்கிற கிழவர் வேஷம். உனக்கு ஒத்திகையே தேவைப்படாது.

அன்புடன்,
உன் பழைய பெஞ்ச்சுக்காரன்