ஐந்தாவது வருடக் கணக்கு

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்பதில் மிகுந்த சந்தோஷம்.

கண்புரை ஆபரேஷனோடு கிளாக்கோமாவுக்கும் (கண் அழுத்த நோய்க்கும்) ஒரு குட்டிக் குழாய் வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு சைபாஸ் ஞாபகம்தான் வந்தது. அமெரிக்காவில் ஆல்கான் நிறுவனம் விற்ற குழாய். நீளம் 6 மில்லிமீட்டர் சொச்சம். புரை எடுக்கிற அதே கீறல் வழியாகச் செலுத்தி, கண்ணுக்குள் சேரும் நீரை வெள்ளைவிழியின் உட்புற இடுக்கில் வடியவிடுவார்கள்.

சோதனையை நன்றாகவே செய்தார்கள். 505 பேரில் குலுக்கல் முறையில் 374 பேருக்குக் குழாய், மற்றவர்களுக்குப் புரை ஆபரேஷன் மட்டும். இரண்டு வருடம் கழித்து, சொட்டு மருந்தில்லாமலே அழுத்தம் ஐந்தில் ஒரு பங்காவது குறைந்திருந்தவர்கள் குழாய் வைத்தவர்களில் 77 சதவீதம், வைக்காதவர்களில் 60. (புரை எடுத்தாலே அழுத்தம் கொஞ்சம் இறங்கும், கவனி.) 2016 ஜூலையில் அனுமதி கிடைத்தது.

ஆனால் கண்காணிப்பை அதோடு விடவில்லை. அந்த நோயாளிகளில் பலர் ஐந்தாவது வருடம் வரை வந்து, கருவிழியின் (கார்னியா) உட்புறச் செல்களை எண்ணக் கண்ணைக் காட்டினார்கள். அந்தச் செல்கள்தான் நீரை வெளியேற்றி கருவிழியைத் தெளிவாக வைப்பவை. போனால் மறுபடி முளைக்காது. குழாய் வைத்தவர்களுக்குச் சராசரியாக 20 சதவீதம் குறைந்திருந்தது, மற்றவர்களுக்கு 10. குழாயின் முனை எவ்வளவு முன்னால் துருத்தி நின்றதோ அவ்வளவு சேதம். அழுத்தம் என்னவோ குழாய் வைத்தவர்களுக்குத்தான் அப்போதும் நன்றாக இருந்தது! 2018 ஆகஸ்டில் நிறுவனமே சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது.

பார்வை நன்றாக இருக்கும்போதும் அத்தனை வருடம் பரிசோதனைக்கு வந்துகொண்டிருந்த அந்த முகம் தெரியாதவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை. அவர்கள் வராமல் போயிருந்தால் இது இன்னும் எத்தனை கண்களுக்குள் போயிருக்குமோ.

உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. எல்லாக் குழாயும் ஒன்றல்ல. ஐஸ்டென்ட் என்ற வகை ஒரு மில்லிமீட்டர்தான். கண்ணின் இயற்கையான வடிகாலிலேயே உட்காரும். ஹைட்ரஸ் என்ற இன்னொரு வகையும் அந்த வடிகாலுக்குள்தான். அதனால் உனக்குச் சொன்னது எந்த வகை, எத்தனை வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், ஆபரேஷனுக்கு முன் உன் செல் எண்ணிக்கை எவ்வளவு, இந்த மூன்றையும் டாக்டரிடம் கேள். தயங்காதே, நல்ல டாக்டர் கோபிக்க மாட்டார். அதுவரை சொட்டு மருந்தை ஒருவேளைகூட விட்டுவிடாதே.

ஃபீல்டு டெஸ்ட் (பார்வைப் பரப்புச் சோதனை) ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
சுந்தரம்